ஐபிஆர் பாசிட்டிவ், ஆனால் மாடு நன்றாக இருக்கிறது: எதிர்ப்புச் சக்தி இருந்தும் வைரஸ் ஏன் போகவில்லை?

பெருந்துறை கட்டுத்தறி:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பெருந்துறைக்குப் பக்கத்தில் 11 உருப்படி வைத்திருக்கிறேன். எட்டு ஜெர்சி கலப்பு, மூன்று எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு.

கார்த்திகையில் மூன்றாம் ஈத்து மாடு ஒன்று கன்று போட்டுப் பத்து நாளில் தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டது. பாலும் பாதியாகிவிட்டது. கீட்டோசிஸ் (கன்று போட்ட மாட்டுக்குச் சக்தி பற்றாமல் வரும் கோளாறு) என்று சொல்லி, ஊசி போட வந்தவர் குளுக்கோஸ் ஏற்றினார், கூடவே ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். இரண்டே நாளில் மாடு எழுந்து சோளத்தட்டு தின்றது, எங்களுக்கும் நிம்மதி. ஆறாம் நாள் பார்த்தால் மூக்கில் சளி ஒழுகுகிறது, கண் சிவந்து நீர் வடிகிறது, மூக்கு நுனி ரத்தம் கட்டினாற்போலச் சிவந்திருக்கிறது. காய்ச்சல் 104 டிகிரி. அது ஒரு வாரத்தில் அடங்கியது. அதற்குள் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு மாடுகளுக்கும் அதே மூக்கொழுகல் வந்துவிட்டது. மாசி பிறந்தபோது அந்த இரண்டில் ஒன்று ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை, கிடாரிக் கன்று, முடி முளைத்திருந்தது. வீட்டில் யாரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். கன்று வீச வைக்கும், மனிதருக்கும் தொற்றும் புருசெல்லாக் கிருமி யாருக்கும் இல்லை. ஐபிஆர் (மாட்டின் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் வைரஸ் நோய்) இருக்கிறதா என்று பார்க்கும் எலிசா ரத்தச் சோதனை மட்டும் 11-ல் 5 பாசிட்டிவ். மூக்கொழுகிய மூன்றும் அதில் அடக்கம். மீதி இரண்டும் என்னிடம் வந்த நாளிலிருந்து ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். எலிசா பார்ப்பது எதிர்ப்பொருளை என்கிறார்கள். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் மாட்டின் உடம்பு வைரஸை அடையாளம் கண்டு சண்டை போட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? கோமாரி வந்து பிழைத்த மாட்டை அப்படித்தானே பார்க்கிறோம்? இங்கே மட்டும் "ஆயுசுக்கும் வைரஸ் போகாது" என்கிறார்கள். என் மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? பவுடர், டானிக் ஏதாவது கொடுத்தால் சரியாகுமா?

சென்னிமலை பால்காரர்:

பவுடருக்குக் காசு போடாதீர்கள் அண்ணா. எனக்கும் மூன்று மாடு பாசிட்டிவ் வந்தது. ஒன்றரை வருடம் விடாமல் ஒரு எதிர்ப்புச் சக்தி பவுடர் கலந்து வைத்தேன். மறுபடி சோதித்தோம், அதே மூன்று, அதே பாசிட்டிவ். மாடு நன்றாகக் கறக்கிறது, சினையும் பிடிக்கிறது. ஏன் போகவில்லை என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஆத்தூர்க்காரி:

அண்ணா, உங்கள் மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை. இந்த வைரஸ் அப்படிப்பட்டது. நான் சென்னையில் ஒரு ஆய்வகத்தில் ஆறு வருடம் இதே வைரஸோடு வேலை செய்தவள். ஊரில் எங்கள் வீட்டுச் செவலை இரண்டு முறை கன்று வீசியது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அப்பா அதை அழுதுகொண்டே விற்றார். அந்த "ஏன்" எனக்குள் தங்கிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐபிஆர் வைரஸ் ஹெர்பீஸ் குடும்பம். நமக்குச் சின்னம்மை வந்து போன பிறகு அந்த வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து வயதான காலத்தில் அக்கியாக வருகிறதே, அதற்கு நெருங்கிய சொந்தம் இது. 1956-ல் அமெரிக்காவில் மேடினும் அவருடைய சகாக்களும் இதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடமே அதே மேடின், டார்பி என்பவரோடு சேர்ந்து ஒரு காளையின் சிறுநீரகத்திலிருந்து எம்டிபிகே என்ற செல்களை வளர்த்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த வைரஸைப் பெரும்பாலும் வளர்ப்பது அந்தச் செல்லில்தான், நானும் அதில்தான் வளர்த்தேன். மாலையில் வைரஸ் விட்டுவிட்டு மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டையாக ஒட்டிக் கிடந்த செல்கள் உருண்டு திராட்சைக் கொத்துப்போல் எழும்பி நிற்கும். அத்தனை வேகம். நம் நாட்டில் இந்த நோய் முதலில் பதிவானது 1976-ல், உத்தரப்பிரதேசத்தில்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூக்குச் சவ்வில் வைரஸ் நுழைந்ததும் அந்தச் செல் முதலில் செய்யும் வேலை இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கையை வெளியே அனுப்புவது. ராத்திரி ஒரு வீட்டு நாய் குரைத்தால் தெரு முழுக்க விளக்கு எரிகிறது அல்லவா, அது மாதிரி பக்கத்துச் செல்கள் எல்லாம் உஷாராகிவிடும். வைரஸ் தன் மரபணுவிலிருந்து ஆரம்பத்திலேயே தயாரிக்கும் புரதங்களில் ஒன்று பிஐசிபி0. அந்த எச்சரிக்கையை எழுப்பிவிடும் ஐஆர்எஃப்3 என்ற புரதத்தைச் சிதையவைப்பது இதன் வேலைகளில் ஒன்று. எச்சரிக்கை முழுதாக நின்றுபோகாது, தாமதமாகும், பலம் குறையும். வைரஸுக்கு அந்த அவகாசம் போதும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிடித்தது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொசைட்டியில் ஒவ்வொருவர் கேனிலிருந்தும் கொஞ்சம் மாதிரி எடுத்துப் பார்த்துத்தானே பாலை வாங்குகிறார்கள்? உடம்பிலும் அப்படி ஒரு சோதனை ஓயாமல் நடக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, எம்எச்சி வகை 1 என்ற தட்டில் வைத்து வெளிப்புறத்தில் நீட்டும். சுற்றி வரும் டி செல்கள் என்ற காவல் வெள்ளை அணுக்கள் அந்த மாதிரியைப் பார்க்கும். வைரஸ் துண்டு தட்டில் இருந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். நறுக்கிய துண்டுகள் தட்டு இருக்கும் அறைக்குள் போக ஒரே வாசல்தான் முக்கியம். அதற்கு டேப் என்று பெயர். ஐபிஆர் வைரஸிடம் யூஎல்49.5 என்று ஒரு புரதம் இருக்கிறது, நூறு அமினோ அமிலம்கூட இல்லாத பொடிசு. அது நேராக அந்த வாசலில் போய் உட்கார்ந்து அதை அசையவிடாமல் பூட்டுகிறது. பூட்டியதோடு விடுவதும் இல்லை, வாசலையே செல்லின் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிச் சிதைத்துவிடுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005-ல் இதை வெளியிட்டார்கள். மாதிரி வெளியே வராததால் டி செல் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

மனிதருக்கு உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பீஸ் வைரஸும் இதே வாசலைத்தான் அடைக்கிறது. அதற்கு அது வைத்திருப்பது முற்றிலும் வேறு புரதம், பெயர் ஐசிபி47. இரண்டு வைரஸ்கள், இரண்டு பூட்டுகள், ஒரே வாசல். தட்டே இல்லாமல் நிற்கும் செல்லைச் சந்தேகப்பட்டுக் கொல்வதற்கென்று என்கே செல்கள் என்ற இன்னொரு காவலும் உடம்பில் உண்டு. அதனால்தான் வைரஸால் முழுதாக ஜெயிக்க முடிவதில்லை, மாடு ஒரு வாரம் பத்து நாளில் தேறுகிறது.

நீங்கள் கேட்ட எதிர்ப்பொருளுக்கு வருவோம். அது உண்மையிலேயே வேலை செய்கிறது, வெளியே மிதக்கும் வைரஸைப் பிடித்து முடக்குகிறது. ஆனால் இந்த வைரஸ் பக்கத்துப் பக்கத்துச் செல்லுக்கு நேரடியாகத் தாண்டும், சந்து வழியாகப் போகிறவன் மெயின் ரோட்டுச் செக்போஸ்டில் மாட்டாத மாதிரி. அது போக, வைரஸ் மேற்பரப்பில் ஜிஇ, ஜிஐ என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக நின்று எதிர்ப்பொருளின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வால் பிடிபட்ட எதிர்ப்பொருளால் மற்ற காவலர்களைக் கூப்பிட முடியாது. ஜிசி என்ற புரதம், ரத்தத்தில் கிருமியைத் தாக்க உதவும் காம்ப்ளிமென்ட் சி3 என்ற புரதத்தைப் பிடித்துவைக்கும். ஜிஜி என்ற புரதம் வெள்ளை அணுக்களுக்கு "இங்கே வா" என்று வழிகாட்டும் கீமோகைன்களைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் 1,35,000 எழுத்து நீளமுள்ள, சுமார் 70 மரபணு கொண்ட ஒரு டிஎன்ஏவுக்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் சண்டை நடக்கும் அந்தப் பத்து நாளுக்கான ஏற்பாடு. ஆயுசுக்கும் தங்குவதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. மூக்கில் பெருகும்போதே கொஞ்சம் வைரஸ் முகத்து நரம்பின் நுனிக்குள் ஏறி, நரம்பிழை வழியாகவே மண்டைக்கு அடியில் இருக்கும் முக்கிளை நரம்பு முடிச்சுக்குப் போய்விடும். காளையின் உறுப்பு வழியாகவோ சினை ஊசி வழியாகவோ வந்தது என்றால் இடுப்புப் பகுதி நரம்பு முடிச்சுக்குப் போகும். அங்கே போனதும் கிட்டத்தட்ட எல்லா மரபணுவையும் மூடிவிட்டு, எல்ஆர் என்ற ஒரே ஒரு பகுதியை மட்டும் தாராளமாக ஓடவிடும். அந்தப் பகுதி வைரஸை எழவிடாமல் அடக்குகிறது, குடியிருக்கும் நரம்பு செல் சாகாமலும் பார்த்துக்கொள்கிறது. வைரஸ் துகள் தயாராவதில்லை, அதனால் எதிர்ப்பொருள் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நரம்பு செல் போனால் திரும்ப முளைக்காது என்பதால் உடம்பும் அங்கே கைவைக்கத் தயங்கும். எந்தப் பவுடரும், எந்த மருந்தும், தடுப்பூசியும்கூட அந்த முடிச்சிலிருந்து அதை வெளியேற்றாது.

ஆகவே அண்ணா, கோமாரிக் கணக்கை இங்கே போடக்கூடாது. பெரிய மாட்டில், தடுப்பூசி போடாமல் ஐபிஆர் பாசிட்டிவ் வந்தால், அந்த மாட்டுக்குள் வைரஸ் தூங்குகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தூங்குவதை எழுப்புவது எது? கன்று ஈனும் நேரம், லாரிப் பயணம், வேறு நோய். உடம்பு பதற்றப்படும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அந்தக் கார்டிசால் ஒட்டிக்கொண்ட ஏற்பி (செல்லுக்குள் அதைப் பிடிக்கும் புரதம்), வைரஸின் தொடக்க மரபணுக்களுக்கு முன்னால் இருக்கும் சுவிட்சிலேயே போய் உட்காரும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அதே பூட்டுக்கு இன்னும் பொருத்தமான சாவி. ஆய்வகங்களில் தூங்கும் வைரஸை எழுப்பிப் படிக்க வேண்டும் என்றால் கன்றுகளுக்குப் போடுவதே டெக்சாமெத்தசோன்தான். ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பு முடிச்சில் வைரஸ் மரபணுக்கள் விழித்துவிடும், சில நாளில் மூக்கில் வைரஸ் சிந்தும். நீங்கள் "ஸ்டீராய்டு ஊசி, ஆறாம் நாள் மூக்கொழுகல்" என்று எழுதியதைப் படித்தபோது நெஞ்சு படபடத்தது. கீட்டோசிஸுக்கு ஸ்டீராய்டு போடுவது தவறான வைத்தியம் இல்லை, பல இடங்களில் போடுவதுதான். மாடு ஐபிஆர் பாசிட்டிவ் என்று முன்பே தெரிந்திருந்தால் ஊசிக்கு முன் யோசித்திருக்கலாம், குறைந்தது அதைச் சினை மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டியிருக்கலாம்.

பெருந்துறை கட்டுத்தறி:

அம்மா, மூன்று தடவை படித்துவிட்டேன். சொசைட்டி மாதிரி என்று சொன்னதும் சட்டென்று பிடிபட்டது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தும்மல்கூடப் போடாத அந்த இரண்டில் ஒன்றை ஐப்பசியில்தான் சந்தையில் வாங்கி வேனில் ஏற்றிவந்தேன். அது வந்து ஒரு மாதம் கழித்துத்தான் இதெல்லாம். இன்னொரு சந்தேகம், மூக்கொழுகிய மாட்டின் கிடாரிக் கன்றுக்கும் சோதித்தேன், நெகட்டிவ். அதை வைத்துச் சுத்தமான மந்தை உருவாக்கலாமா? பால் குடிக்கிற எங்களுக்கு ஏதும் வருமா?

மாட்டு டாக்டர் ஓய்வு:

தம்பி, 34 வருடம் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன். மேலே அந்தப் பெண் எழுதிய அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை, நன்றாகவே எழுதியிருக்கிறது. உங்கள் கொட்டகையில் நடந்ததை மட்டும் நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன்.

பழைய வைரஸ் மீண்டும் எழும்பும்போது மாட்டுக்கு 104 டிகிரி காய்ச்சலும் சிவந்த மூக்கும் வருவது குறைவு. ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருப்பதால் பெரும்பாலும் சத்தமில்லாமல் வைரஸ் சிந்திவிட்டுப் போகும். அவ்வளவு அறிகுறி காட்டியது என்றால் அந்த மாட்டுக்கு அதுவே முதல் தொற்றாக இருக்கலாம். சந்தையில் வாங்கிய மாடு வேனில் வந்த அலைச்சலிலோ, அதற்குப் பின் வேறெதிலோ வைரஸைச் சிந்தியிருக்கும். கன்று போட்டுத் தளர்ந்து, ஸ்டீராய்டும் ஏறிய மாட்டில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. வைரஸ் உடம்புக்குள் போய் இரண்டிலிருந்து ஆறு நாளில் நோய் தெரியும், அந்தக் கணக்கும் பொருந்துகிறது.

கன்று வீச்சையும் உடனே ஐபிஆர் கணக்கில் எழுத வேண்டாம். ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் எப்போதோ தொற்று இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். நோய் கண்ட அன்று ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று என இரட்டை மாதிரி எடுத்து, எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் பலமான சாட்சி. வீசிய கன்றின் ஈரல், நுரையீரல், நஞ்சுக்கொடித் துண்டு இவற்றை ஐஸில் வைத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பியிருந்தால் இன்னும் தெளிவு. இன்னொரு தடவை கன்று வீசினால் புதைக்கும் முன் டாக்டருக்கு போன் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், ஐபிஆருக்காக இல்லை, புருசெல்லாவுக்காக. ஐபிஆர் மனிதருக்கு வராது, காய்ச்சிய பாலைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பொலிகாளையை மட்டும் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். விந்தில் இந்த வைரஸ் வரும். உறைவிந்து நிலையங்களில் காளைகளுக்கு ஐபிஆர் சோதனை வைத்திருப்பதே அதனால்தான்.

ஆத்தூர்க்காரி:

டாக்டர் ஐயா சொல்வது சரி. முதல் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், நான் ஸ்டீராய்டைப் பார்த்ததும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டேன். சந்தை மாடு பற்றி அப்போது தெரியாது. முதல் தொற்றிலும் ஸ்டீராய்டு வைரஸுக்கு உதவிதான் செய்திருக்கும்.

அண்ணா, கிடாரிக் கன்று விஷயத்தில் பொறுமை வேண்டும். சீம்பால் குடித்த கன்றின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் ஆறு மாதம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். அந்த நேரத்தில் பாசிட்டிவ் வந்தாலும் கன்றுக்குத் தொற்று என்று சொல்ல முடியாது. நெகட்டிவிலும் ஒரு சிக்கல் உண்டு. தாயின் எதிர்ப்பொருள் இருக்கும்போதே வைரஸ் உள்ளே போனால், கன்றின் உடம்பு தானாக எதிர்ப்பொருள் தயாரிக்காமலே வைரஸ் நரம்பில் போய்ப் படுத்துவிடலாம். தாய் கொடுத்தது கரைந்ததும் சோதனையில் சுத்தமான நெகட்டிவ் வரும். இப்படிச் சோதனைக்குத் தெரியாமல் சுமக்கும் மாடுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கின்றன. கன்றைத் தனியாகக் கட்டி வளர்த்து, ஒரு வயதுக்குப் பிறகு மறுபடி சோதியுங்கள். முதல் கன்று போட்ட பிறகு இன்னொரு தடவையும் சோதியுங்கள், ஈனும்போது தூங்கியது விழித்திருந்தால் அப்போது எதிர்ப்பொருள் ஏறித் தெரிந்துவிடும்.

டென்மார்க், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகள் பாசிட்டிவ் மாடுகளைக் கழித்தே இந்த நோயை ஒழித்தன. ஜெர்மனி நீண்ட காலம் போராடி 2017-ல் அந்த நிலைக்கு வந்தது. அதற்குக் கைகொடுத்தது ஜிஇ நீக்கிய தடுப்பூசி. மேலே சொன்ன அதே ஜிஇ, எதிர்ப்பொருளின் வாலைப் பிடிக்கிறதே, அதை வெட்டிவிட்ட வைரஸ். தடுப்பூசி போட்ட மாட்டில் ஜிஇக்கு எதிர்ப்பொருள் இருக்காது, நிஜத் தொற்று வந்த மாட்டில் இருக்கும். யார் எது என்று ரத்தத்திலேயே பிரித்துவிடலாம். நம் ஊரில் ஐந்து மாட்டைக் கழி என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது, அது நடக்கிற காரியமும் இல்லை. ஐந்தையும் கொட்டகையின் ஒரு பக்கமாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி தனி, தீவனத் தொட்டி தனி. சினை மாடு எதுவும் அந்தப் பக்கம் மூக்கை நீட்ட முடியாத தூரம் இருக்கட்டும். விற்பதாக இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா, அவர் வீட்டிலும் சினை மாடு நிற்கும்.

பெருந்துறை கட்டுத்தறி:

சந்தை மாட்டை விற்றுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விற்கவில்லை. ஐந்தையும் வடக்குப் பக்கம் மாற்றிவிட்டேன், நடுவில் மூங்கில் தட்டி அடித்தாயிற்று, தண்ணீருக்கு ஒரு சிமெண்ட் தொட்டி தனியாக இறக்கினேன். அந்தப் பக்கத்துத் தூணில் ஐந்து காதுத் தோட்டு எண்களையும் பெயிண்டில் எழுதி, கீழே "ஐபிஆர் இருக்கிறது, ஸ்டீராய்டு போடும் முன் கேட்கவும்" என்று மகளை விட்டுப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். ஊசி போட வருகிறவர் நேற்று வந்தபோது நின்று படித்துவிட்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டு போனார்.